விசிறி இரைச்சலை அடக்கித் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் வேலையை நான் வீட்டிலிருந்தே செய்வது உங்களில் பலருக்குத் தெரியும். உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்) போட்ட ஒரு மேசைக் கணினி, ஒரு மைக், ஜன்னலை அடைத்த சின்ன அறை, அவ்வளவுதான். புது மதர்போர்டு மாட்டிய நாளிலிருந்து கேபினெட் விசிறிகள் எந்நேரமும் முழு வேகத்தில் இரைந்துகொண்டே இருந்தன. பதிவில் குரலுக்கு அடியில் அந்த இரைச்சல் ஓடியது. மென்பொருளை வைத்து அதை நீக்கினால் ச, ஸ, ஷ ஒலிகள் மழுங்கிவிடும். காதால் மட்டுமே படிக்கிற பிள்ளைகளுக்கு அது பெரிய குறை. இப்போது அந்த இரைச்சல் இல்லை. அதற்குக் காரணமானவர்களுக்கு நாலு பேர் அறிய நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நீங்கள் செய்ததையும் கூடவே எழுதிவிடுகிறேன், இதே சிக்கலில் இருக்கும் இன்னொருவருக்கு உதவும்.

முதல் நன்றி கோவை அண்ணனுக்கு. விஷயத்தைச் சொன்னதும் அவர் எந்தத் தீர்வையும் சொல்லவில்லை. வெப்பத்தையும் விசிறி வேகத்தையும் காட்டும் 'சென்சார்ஸ்' கட்டளை என்ன காட்டுகிறது, அதை அப்படியே அனுப்பு என்றார். அதில் சிபியு வெப்பம், கிராபிக்ஸ் வெப்பம், என்விஎம்ஈ வட்டின் வெப்பம் மூன்றும் இருந்தன. விசிறி என்று ஒரு வரிகூட இல்லை. சிபியு தன் வெப்பத்தைத் தானே சொல்லிவிடும், ஏஎம்டி என்றால் கே10டெம்ப் டிரைவர் (வன்பொருளோடு பேசும் மென்பொருள்) அதைப் படிக்கும். ஆனால் விசிறி எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுவதும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் மதர்போர்டில் இருக்கும் சூப்பர் ஐஓ என்ற தனி சிப்பின் வேலை, அதற்கு டிரைவர் ஏறாதவரை லினக்ஸுக்கு விசிறி இருப்பதே தெரியாது என்று விளக்கினார். இந்த ஒரு விளக்கத்தில் பாதிக் குழப்பம் போய்விட்டது.

அப்புறம், பலகையில் என்ன உணரி சிப் இருக்கிறது என்று தேடும் 'சென்சார்ஸ்-டிடெக்ட்' ஓட்டச் சொன்னார். அது கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் படித்துவிட்டு, அது பரிந்துரைக்கும் பதிலையே கொடு, அவசரப்படாதே என்றார். பல வருடங்களுக்கு முன் சில ஐபிஎம் திங்க்பேட் மாடல்களில் இப்படி உணரிகளைத் தேடித் துழாவப்போய் உள்ளே இருந்த ஈஈப்ராம் என்ற நினைவக சிப்பின் தகவலே கெட்டுப்போனது, அதனால்தான் அந்தக் கருவி இன்றைக்கும் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் போகிறது என்று காரணமும் சொன்னார். காரணத்தோடு சொன்னதால் நானும் பொறுமையாகச் செய்தேன். நுவோட்டான் என்சிடி6798டி சிப் கிடைத்தது, டிரைவர் பெயர் என்சிடி6775 என்று பதில் வந்தது.

அந்த டிரைவரை ஏற்றினால் 'அப்படி ஒரு சாதனம் இல்லை' என்று பிழை. கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) செய்திப் பதிவைத் திறந்தால் முதல் வரியில் சிப்பைக் கண்டுபிடித்துவிட்டதாக இருக்கிறது, அடுத்த வரியில் ஏசிபிஐ (மதர்போர்டு இயங்குதளத்துக்குத் தரும் நிரல்) மோதல் என்று எச்சரிக்கை. இந்த இடத்தில் இணையத்தில் தேடுகிற எவருக்கும் கிடைக்கும் முதல் பதில், கெர்னலுக்கு ஒரு பூட் அளவுருவைக் கொடுத்து அந்த மோதல் சோதனையைத் தளர்த்திவிடு என்பதுதான். ஒரே வரி, உடனே வேலை செய்யும். அண்ணன் வேண்டாம் என்றார். ஏன் என்று அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை இங்கே தருகிறேன், இந்த மடலிலேயே முக்கியமானது இதுதான்.

அந்த சிப்பிடம் ஒரு மதிப்பைக் கேட்பது இரண்டு படியில் நடக்கிறது. முதலில் ஒரு போர்ட்டில் (சிப்போடு பேசும் முகவரி) 'எனக்கு இந்த எண் ரெஜிஸ்டர் வேண்டும்' என்று எழுத வேண்டும்; ரெஜிஸ்டர் என்பது சிப்புக்குள் மதிப்பு இருக்கும் சிறு அறை. பிறகு பக்கத்துப் போர்ட்டில் போய் மதிப்பைப் படிக்க வேண்டும், அல்லது எழுத வேண்டும். மதர்போர்டின் பயாஸும் (பலகைக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) தன் ஏசிபிஐ நிரல் வழியாக இதே இரண்டு போர்ட்டுகளைப் பயன்படுத்துகிறது. லினக்ஸ் டிரைவர் எண்ணைச் சொல்லிவிட்டு மதிப்பை எழுதப் போகும் இடைவெளியில் பயாஸ் நிரல் வேறு எண்ணைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? நாம் எழுதியது வேறொரு ரெஜிஸ்டரில் போய் விழும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் விழுந்த இடம் சிபியு விசிறியை நிறுத்தும் இடமாக இருந்தால்? கெர்னல் தகராறு செய்யவில்லை, காவல் காக்கிறது என்று அண்ணன் சொன்னார். சீக்கிரம் முடித்துத் தொலைக்கலாம் என்று நான் துடித்துக்கொண்டிருந்தபோது, பாதுகாப்பான வழி கிடைக்கும்வரை பொறு என்று சொன்ன அந்த உறுதிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பாதுகாப்பான வழியைக் காட்டியது பெங்களூரில் இருக்கும் அக்கா. எச்சரிக்கை வரியை மட்டும் படித்துவிட்டு, உன் மதர்போர்டைச் செய்த நிறுவனத்தின் பலகைகளில் டபிள்யூஎம்ஐ என்று இன்னொரு வாசல் உண்டு என்றார். அந்த வழியில் லினக்ஸ் நேராகப் போர்ட்டைத் தொடாது. பயாஸிடமே 'இந்த ரெஜிஸ்டரைப் படித்துச் சொல்' என்று கேட்கும். தொடுவது ஒருவர்தான் என்பதால் மோதலுக்கே இடமில்லை. என்சிடி6775 டிரைவருக்கு இந்த வசதியை டெனிஸ் பாவுக் என்பவர் எழுதிச் சேர்த்திருக்கிறார். ஆனால் 22.04 முதலில் வெளிவந்தபோது இருந்த 5.15 கெர்னலில் அது கிடையாது. அதே 22.04க்குப் பின்னால் வந்த ஹெச்டபிள்யூஇ (புது வன்பொருளுக்கான) கெர்னல் 6.8ஐப் போட்டுக்கொள், வேறு எதையும் மாற்றாதே என்றார். போட்டு மறுபடி பூட் செய்ததும் அந்த சிப் எண்ணும் ஏழு விசிறி இணைப்புகளும் பட்டியலில் வந்து நின்றன. அக்கா, அந்த ராத்திரி நான் உங்களுக்கு அனுப்பிய செய்தியில் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்: நீங்கள் செலவிட்ட அந்தச் சில நிமிடங்கள் எனக்கு எவ்வளவோ பெரியவை.

விசிறிகளோடு கண்டபடி வெப்ப அளவுகளும் வந்தன. ஒன்று 127 டிகிரி என்றது, இன்னொன்று சுழியத்துக்குக் கீழே மைனஸ் 62. திருச்சியில் மைனஸ் 62! ஒன்றும் இணைக்கப்படாத முனைகள் அப்படித்தான் காட்டும், கவலை வேண்டாம் என்று அக்காவே சொன்னார். 'ஸ்ட்ரெஸ்-என்ஜி' ஓட்டி சிபியுவுக்கு வேலை கொடுத்து, எது ஏறுகிறது, எது அசையாமல் நிற்கிறது என்று பார்த்து, அசையாதவற்றை சென்சார்ஸ் அமைப்புக் கோப்பில் ஒதுக்கிவிட்டோம்.

அடுத்த நன்றி லினக்ஸ் பக்கமே வராத ஒருவருக்கு. எங்கள் தெருமுனையில் கணினி பழுது பார்க்கும் அண்ணாச்சி. பின்பக்க விசிறி மட்டும் என்ன மதிப்பு கொடுத்தாலும் வேகம் குறையவே இல்லை. அவர் வந்து மூடியைக் கழற்றி, கம்பியைப் பார்த்து, "இது மூணு கம்பி" என்றார். நாலு கம்பி விசிறியில் நான்காவது கம்பி வழியாக பிடபிள்யூஎம் சமிக்ஞை போய் வேகத்தைச் சொல்லும். மூன்று கம்பி விசிறிக்கு அந்தக் காது கிடையாது. அதற்குக் கொடுக்கும் வோல்டேஜைக் குறைத்தால்தான் வேகம் குறையும். பயாஸில் அந்த இணைப்பை டிசி முறைக்கு (வோல்டேஜால் கட்டுப்படுத்துவது) மாற்றினார், அடங்கிவிட்டது. காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். அண்ணாச்சி, அந்தக் கடனை எப்படியாவது தீர்ப்பேன்.

விசிறிகளைத் தானாக இயக்குவதற்கு 'ஃபேன்கண்ட்ரோல்' என்ற நிரல் போதும் என்று முடிவானது. அதற்கு முன் ஓட்ட வேண்டிய 'பிடபிள்யூஎம்கான்ஃபிக்' ஒவ்வொரு விசிறியாக நிறுத்திப் பார்த்து, எந்தக் கட்டுப்பாடு எந்த விசிறிக்கு என்று கண்டுபிடித்துத் தருகிறது. ஓடுகிற விசிறி 255க்கு (அதுதான் முழு வேகம்) 70 வரை இறக்கினாலும் சுற்றுகிறது, ஆனால் நின்றுபோன விசிறியைக் கிளப்ப 100 வேண்டும். இந்த இரண்டு எண்களும் தனித்தனி என்பதைக் கவனிக்கச் சொன்னதும் அண்ணன்தான். சிபியு வெப்பம் நொடிக்கு நொடி துள்ளும், கேபினெட் விசிறிகளை அதோடு கட்டினால் அவையும் கூடவே ஏறி இறங்கிப் பதிவைக் கெடுக்கும் என்பதால், அவற்றை மதர்போர்டின் வெப்பத்தோடு கட்டினோம். 40 டிகிரி வரை மெதுவாக, 60ஐத் தொட்டால் முழு வேகம். சிபியு விசிறியை பயாஸிடமே விட்டுவிட்டோம்.

கடைசியாகப் பாலிடெக்னிக் படிக்கும் தம்பிக்கு. எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்தபோது, ஒரு மறுபூட்டுக்குப் பிறகு ஃபேன்கண்ட்ரோல் கிளம்ப மறுத்தது. டிரைவர்கள் ஏறும் வரிசைப்படிதான் கெர்னல் உணரிகளுக்கு எண் கொடுக்கிறது. நேற்று 3ஆக இருந்த சிப் இன்று 4. அமைப்புக் கோப்பில் இருக்கும் பெயரோடு பொருந்தாததால், தவறான சிப்பில் எழுதிவிடாமல் அது நின்றுகொள்கிறது. தம்பி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினான். ஒவ்வொரு உணரிக் கோப்பகத்திலும் இருக்கும் பெயரைப் படித்து, அன்றைய எண்ணைக் கண்டுபிடித்து, சேவை தொடங்கும் முன்பே கோப்பைத் திருத்திவிடும். அவ்வளவு தெளிவான விளக்கக் குறிப்புகளோடு எழுதியிருக்கிறான், படித்துப் பார்த்து எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

எனக்கு முகம் தெரியாதவர்களும் உண்டு. 'சென்சார்ஸ்' கட்டளையைத் தரும் எல்எம்-சென்சார்ஸ் திட்டத்தைத் தொடங்கிய ஃப்ரோடோ லூயார்ட், பிலிப் எடெல்ப்ராக். அதைப் பல ஆண்டுகள் சுமந்த ஜான் டெல்வார். கெர்னலின் வன்பொருள் கண்காணிப்புப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் குந்தர் ரோக். இந்த மடல் அவர்கள் கண்ணில் படாது. இருந்தாலும் பெயர்களை எழுதி வைக்கிறேன்.

தம்பியின் ஸ்கிரிப்டும் என் அமைப்புக் கோப்பும் வேண்டுவோர் கேளுங்கள், அவன் அனுமதியோடு அனுப்புகிறேன். பலகை வேறாக இருந்தால் எண்களை அப்படியே எடுத்துப் போடாமல் உங்கள் விசிறிகளில் சோதித்துவிட்டுப் போடுங்கள். அண்ணா, சித்திரை வெயில் வந்தால் அந்த 40 டிகிரி வரம்பை உயர்த்த வேண்டியிருக்கும் என்று சொன்னீர்களே, அப்போது மறுபடி உங்களைத்தான் கூப்பிடுவேன்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து உங்கள் தங்கை