மைட்டோகாண்ட்ரியா பெயரில் மாத்திரை விற்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மனநலக் கட்டுரைகளில், செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் பெயர் இப்போது அடிக்கடி வருகிறது, நல்லதுதான், ஆனால் பெயர் வந்த நாலாவது வரியிலேயே செல்லுக்குச் சக்தி ஏற்றும் மாத்திரை ஒன்றும் கூடவே வந்துவிடுகிறதே, அதுதான் உறுத்துகிறது.

ஜப்பானிய மனநல மருத்துவர் தடாஃபுமி காட்டோ மைட்டோகாண்ட்ரியாவுக்கும் மனநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1990களிலிருந்து உழைத்துக்கொண்டிருப்பவர். மனம் சில காலம் அளவுமீறிக் கிளர்ந்தும் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் இருக்கும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களின் மூளையை ஸ்கேன் செய்து, சக்தியைச் சேமித்து வைக்கும் பாஸ்போகிரியேட்டின் குறைந்திருப்பதைக் கண்டார். 2000-இல் இந்த நோய்க்கு மைட்டோகாண்ட்ரியா கோளாறுதான் காரணமாக இருக்கலாம் என்ற கருதுகோளை முன்வைத்தார். இதில் அவர் முக்கியமாகப் பார்த்தது கால்சியத்தை. நரம்பு செல்லுக்குள் கால்சியத்தை உள்வாங்கி அளவோடு வைப்பதும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலை, அது தடுமாறினால் செல் எளிதில் கிளர்ச்சியடையும். வெறும் 'பேட்டரி தீர்ந்துபோச்சு' கதை இல்லை இது.

அப்புறம் எலிகள். மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று உள்ள டி.என்.ஏ.வைப் படியெடுக்க உதவும் பி.ஓ.எல்.ஜி. (POLG) என்ற மரபணுவை நரம்பு செல்களில் மாற்றி அவருடைய குழு உருவாக்கிய எலிகள், யாரும் எந்தத் தொந்தரவும் கொடுக்காமலேயே, சராசரியாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வாரம்போல மனச்சோர்வு மாதிரியான நிலைக்குப் போய்விட்டுத் தாமாகவே மீண்டன. 2016-இல் வெளியான இந்த ஆய்வில், பழுதான மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. மூளையின் நடுவே உள்ள தாலமஸின் ஒரு சின்னப் பகுதியில் அதிகம் குவிந்திருந்ததும் தெரிந்தது. எனக்கு இதைப் படித்தபோது நிஜமாகவே சிலிர்த்தது, ஆனாலும் எலி எலிதான், நோயாளிகள் எல்லோருக்கும் இதே காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

உங்கள் வாசகர்களுக்கு இன்றைக்கே உதவக்கூடிய செய்தி வேறொன்று இருக்கிறது. இருமுனைக் கோளாறுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் வால்புரோயேட் மருந்து, அதே பி.ஓ.எல்.ஜி. மரபணுவில் பிறவிக் குறை உள்ளவர்களுக்குக் கல்லீரலையே செயலிழக்கச் செய்துவிடலாம், அவர்களுக்கு அதைக் கொடுக்கக்கூடாது. குடும்பத்தில் மைட்டோகாண்ட்ரியா நோய் இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அடுத்த கட்டுரையில் மாத்திரை விளம்பரத்துக்குப் பதில் இதைப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள், லித்தியமோ வேறு மருந்தோ சாப்பிடுகிறவர்கள் கட்டுரையைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தக்கூடாது என்பதையும் சேர்த்து.

– ஒரு வாசகர்