மிஷினைக் கையில் கொடுத்துவிட்டுப் போனால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திருத்துறைப்பூண்டி வட்டத்தில் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன், வயது 54. ஒன்பது மாதமாக ராத்திரி மூக்கில் ஒரு மாஸ்க்கை மாட்டி, அதன் குழாயைத் தலைமாட்டில் இருக்கும் சிபாப் மிஷினில், அதாவது தூக்கத்தில் மூச்சு தடைப்படாமல் காற்றை அழுத்தி அனுப்பும் மிஷினில், செருகிக்கொண்டுதான் தூங்குகிறேன். இந்த மிஷின் நமக்கு உண்மையிலேயே தேவையா என்ற சந்தேகம் அந்த ஒன்பது மாதமும் கூடவே இருந்தது. என்னைப் போல எத்தனையோ பேர் வாங்கிய மிஷினைப் பரணில் போட்டிருப்பார்கள் என்று தோன்றுவதால்தான் எழுதுகிறேன்.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள், உதவியாளர் அன்று லீவு, நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது மூன்று வயதுப் பிள்ளை ஒன்றை மதகடியிலிருந்து தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு அண்ணி வந்து நிற்கிறார்கள். வாய்க்காலில் முறைத் தண்ணீர் நிறையப் போன நாள் அது. இன்றைக்கும் நினைத்தால் கை நடுங்குகிறது. அதற்கு முன்பே காலையில் எழும்போது தலைவலி, மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் 160க்குக் கீழே இறங்காது, எல்லாம் வயதாகிற கோளாறு என்றுதான் இருந்தேன். திருச்சியில் நர்ஸாக இருக்கும் என் மகள்தான், அம்மா உன் குறட்டை நடுநடுவே நின்றுபோகுது, பயமா இருக்கு என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனாள். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி படுக்கவைத்துப் பார்த்ததில் மணிக்கு 34 தடவை மூச்சு தடைப்படுவதாக ரிப்போர்ட் வந்தது. தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதை அடைத்துக்கொள்கிறது, 10 வினாடியோ அதற்கு மேலோ அடைத்தால் ஒரு தடவை என்று கணக்கு, 30ஐத் தாண்டினால் கடுமையான வகை. பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு இது கூடுதலாக வருமாம். பொம்பளைக்குக் குறட்டையா என்று கூச்சப்பட்டு வெளியில் சொல்லாமல் இருந்ததில் எனக்குப் பல வருஷம் போய்விட்டது.

சரி, மிஷின் வந்தது. கொண்டுவந்த ஆள் பத்து நிமிஷத்தில் பட்டனைக் காட்டிவிட்டுப் போனவர்தான், அப்புறம் போனை எடுக்கவில்லை. முதல் வாரம் காற்று முகத்தில் வந்து மோதும்போது மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும், வயிறு உப்பும், வாய் காய்ந்துவிடும், விடிந்து பார்த்தால் மாஸ்க் தலையணைக்கு அடியில் கிடக்கும். மூக்குத் தண்டில் புண்ணே வந்துவிட்டது. ஒரு மாதம் கழித்து மகள் லீவில் வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, எனக்குக் கொடுத்திருந்தது ஒரு அளவு பெரிய மாஸ்க். காற்று கசிவதை நிறுத்த நான் பட்டையை இறுக்க இறுக்கப் புண்தான் பெரிதானது. தூங்கும் வரை காற்றைக் குறைவாக விட்டு மெல்ல மெல்ல ஏற்றும் வசதி அந்த மிஷினிலேயே இருந்திருக்கிறது, அதையும் யாரும் சொல்லவில்லை. ஈரப்பதத்துக்கு ஊற்றும் தண்ணீர் டிஸ்டில்டாக இருக்க வேண்டுமாம். நான் போர் தண்ணீரை ஊற்றினேன், எங்கள் பக்கம் உப்புத் தண்ணீர், பத்தே நாளில் டப்பா அடியில் வெள்ளையாகப் படிந்துவிட்டது.

இதற்கிடையில் ஊருக்குள், டீச்சருக்கு ஆக்சிஜன் வைத்துவிட்டார்கள் என்று பேச்சு. 2021இல் கொரோனா நேரத்தில் பார்த்ததை யாரும் மறக்கவில்லை, அதனால் இரண்டு பேர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கவே வந்துவிட்டார்கள். இது ஆக்சிஜன் இல்லை, நம் வீட்டுக் காற்றைத்தான் வடிகட்டி, தொண்டை அடைக்காமல் இருக்கும் அளவுக்கு அழுத்தி அனுப்புகிறது என்று எல்லோருக்கும் விளக்கினேன். விளக்கிக்கொண்டே, என் அம்மா குறட்டை திண்ணை வரை கேட்கும், அவர்கள் 82 வயது வரை இருந்தார்களே, நமக்கு மட்டும் எதற்கு இது என்று உள்ளுக்குள் ஓடும்.

அந்தச் சந்தேகத்தைப் படிக்காதவள் புத்தி என்று தள்ளிவிடக் கூடாது. மகள் ஒரு ஆய்வைப் படித்துச் சொன்னாள். சேவ் என்று பெயர், 2016இல் வந்தது, ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,700க்கும் மேற்பட்டவர்களைச் சில வருஷம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். சிபாப் போட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான் போட்டிருக்கிறார்கள், பகலில் ரொம்பத் தூங்கி வழிகிறவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவும் இல்லை. பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தது மட்டும் நன்றாகத் தெரிந்தது. இதை டாக்டர் முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தால் நான் மிஷினை வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று தெளிவாக இருந்திருக்கும். மாட்டாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று மட்டும் சொல்லி அனுப்பினால், ஒரு வாரம் மாட்டாமல் இருந்து ஒன்றும் ஆகாதபோது நம்பிக்கையே போய்விடுகிறது.

நானும் அப்படித்தான் தை அறுப்பு சமயத்தில் 11 நாள் கழற்றி வைத்தேன். நாலாம் நாளே காலைத் தலைவலி திரும்பியது. எட்டாம் நாள் மத்தியானம் மையத்தில் கண் சொருகியது, மதகு ஞாபகம் வந்து எழுந்து நின்றுகொண்டே வேலை பார்த்தேன். அன்றைக்கு முடிவு பண்ணியிருக்கலாம், அதற்கப்புறமும் மூன்று நாள் பிடிவாதம் பிடித்தேன். இப்போது தினம் 6 மணி நேரம் போடுகிறேன், மணிக்கு 34 என்பது 4 ஆகியிருப்பதாக மிஷினே காட்டுகிறது. பிரஷர் 150க்குத்தான் வந்திருக்கிறது, மாத்திரை ஒன்றுகூடக் குறையவில்லை. அதையும் உள்ளபடியே சொல்கிறேன்.

கரண்ட் பற்றியும் சொல்ல வேண்டும். பராமரிப்புக்காகப் பகலில் நிறுத்துவதை உங்கள் பேப்பரில் போடுகிறார்கள், ஆனால் ராத்திரி போவதை யாரும் சொல்வதில்லை. 2018இல் கஜா அடித்தபோது எங்கள் தெருவுக்கு கரண்ட் வர 20 நாளுக்கு மேல் ஆனது. அப்போது என்னிடம் இந்த மிஷின் இல்லை, இனி ஒரு புயல் வந்தால் என்ன செய்வேன் என்று ஐப்பசி பிறந்ததும் நினைப்பேன். இன்வெர்ட்டரில் ஓட்டும்போது தண்ணீரைச் சூடாக்கும் பகுதியை அணைத்துவிட்டால் பேட்டரி நிறைய நேரம் தாங்கும் என்பதுகூட நான் தானாகக் கண்டுபிடித்ததுதான். வீட்டில் மருத்துவ மிஷின் வைத்திருப்பவர்களை மின்வாரியம் பதிவு செய்து, கரண்ட் எப்போது வரும் என்று போனில் ஒரு தகவல் அனுப்பினாலே பெரிய உதவி.

இன்னொன்று. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கே பிரஷர் மாத்திரை வருகிறது. கொண்டுவரும் தன்னார்வலர் தங்கமானவர், ஆனால் அவருக்கு என் மிஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது, சொல்லிக்கொடுத்தால் ஒரே நாளில் கற்றுக்கொள்வார். மாஸ்க் சரியாக உட்காருகிறதா, ஃபில்டர் சுத்தமாக இருக்கிறதா, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று முதல் இரண்டு மாதம் வந்து பார்க்க அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். விற்கும் கடைக்காரரும் ஒரு வாரம் கழித்துக் கட்டாயம் வீட்டுக்கு வர வேண்டும் என்று அரசு உத்தரவு போடலாம். எங்கள் பக்கத்துத் தெருவில் கொரோனாவுக்குப் பிறகு ஆக்சிஜன் மிஷின் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். போன வாரம் நான் போய் அதன் பின்பக்கத்து ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், அறுப்பு நேரத்து நெல் தூசி அப்பி பஞ்சு தெரியவே இல்லை. வாங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அதைக் கழுவ வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடிப் பணியாளர்,
திருத்துறைப்பூண்டி வட்டம், திருவாரூர் மாவட்டம்.