விரலிடுக்கு வெளிச்சத்துக்கு நன்றி

அன்புள்ள திரை நண்பர்களுக்கு,

மௌனப் படங்களுக்கும், நிழலும் இருளும் நிறைந்த குற்றப் படங்களான நுவார் படங்களுக்குமான நம் இரண்டு நாள் விழா நேற்றிரவு நிறைவடைந்தது. அதற்கு முந்தைய மூன்று நாட்களில் நாம் பட்ட பாட்டை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்தப் பாட்டில் பாதியைச் சுமந்தவர்களே நீங்கள்தான். மனம் இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்குள் இதை எழுதிவிட விரும்புகிறேன்.

மாற்று அரங்கம் தேடித் தந்தவர்களுக்கும், புரொஜெக்டரை நம்பி ஒப்படைத்தவர்களுக்கும், காட்சிகளுக்கிடையே வரும் எழுத்து அட்டைகளை ஒரே இரவில் தமிழாக்கியவர்களுக்கும், நாற்காலிகளைச் சுமந்து வரிசையாகப் போட்டவர்களுக்கும் கைகூப்பிய நன்றி. யாரையேனும் விட்டுவிடுவேனோ என்ற அச்சத்தால் பெயர்களை எழுதவில்லை.

ஒருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் பெயர் எனக்குத் தெரியாது.

முதல் நாள் இரவு, டென்மார்க் இயக்குநர் டிரையர் 1928இல் எடுத்த 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' என்ற மௌனப் படம் தொடங்கச் சில நிமிடங்களே இருந்தன. பியானோவின் மேல் வைத்த விளக்கின் ஒளி திரையின் கீழ்ப்பகுதியில் படிந்து படத்தை வெளிறச் செய்யும் என்பது அப்போதுதான் தெரிந்தது. விளக்கை அணைத்தால் வாசிப்பவருக்கு இசைக்குறிப்புத் தாள் தெரியாது. என்ன செய்வதென்று விளங்காமல் நான் நின்றபோது, மூன்றாம் வரிசையிலிருந்து வயதான அம்மா ஒருவர் எழுந்து வந்தார். கைப்பையிலிருந்த சிறிய டார்ச்சை எடுத்து, அதன் வாயை விரல்களால் மூடி, இடுக்கில் கசியும் வெளிச்சம் தாளின் மேல் மட்டும் விழும்படி பிடித்துக்கொண்டு, பியானோவின் அருகே தாழ்வான ஒரு முக்காலியில் அமர்ந்தார்.

வேறு ஏற்பாடு செய்யும்வரை சில நிமிடங்கள் பிடித்திருப்பார் என்றே நினைத்தேன். ஆனால் ஓர் ஏற்பாடும் செய்ய முடியவில்லை. நொடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) வீதம் ஓட்டினால் அந்தப் படம் சுமார் 80 நிமிடங்களில் முடிந்துவிடும்; முகங்கள் அவற்றுக்குரிய நிதானத்தில் அசையட்டும் என்று நாம் 20 சட்டகங்களைத் தேர்ந்திருந்ததால் ஏறத்தாழ 97 நிமிடங்கள் ஆயின. அத்தனை நேரமும் அவர் கையை மாற்றி மாற்றி அந்த வெளிச்சத்தைப் பிடித்திருந்தார்.

அவர் இருந்த இடத்திலிருந்து திரை சாய்ந்த ஒரு வெள்ளைக் கீற்றாகவே தெரிந்திருக்கும். ஒப்பனையற்ற முகங்களின் அண்மைக் காட்சிகளாலேயே ஏறக்குறைய முழுவதும் கட்டப்பட்ட படம் அது. ஜோனாக நடித்த ஃபால்கொனெட்டியின் கண்ணீரைக் காண வந்தவர் அதைக் காணாமலே இருந்துவிட்டாரே என்று, படம் முடிந்ததும் வருத்தத்தோடு சொன்னேன். "வாசிச்சவங்க முகத்துலயே பாத்துக்கிட்டேன்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த நொடி யாரோ என்னை அழைத்தார்கள். திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

அந்தப் படத்தின் மூல நெகட்டிவ் தீக்கிரையானது. பல்லாண்டுகள் சிதைந்த வடிவங்களே கிடைத்து வந்த நிலையில், 1981இல் ஆஸ்லோ நகருக்கு அருகே ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியில் முழுமையான பிரதி ஒன்று கிடைத்தது. அந்தப் பெட்டிகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்த கைகளை நேற்று முழுவதும் இந்த அம்மாவின் கைகளோடு சேர்த்தே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் 'டி.ஓ.ஏ.' (1950) ஓடியது. தன்னைக் கொன்றவர்களைப் பற்றிப் புகார் சொல்ல ஒருவன் காவல் நிலையத்துக்குள் நடந்து வரும் அந்தப் படத்தை இயக்கிய ருடால்ஃப் மாத்தேதான், ஜோனின் முகத்தை ஒளிப்பதிவு செய்தவர். 1946இல் 'கில்டா' என்ற நுவார் படத்தையும் அவரே ஒளிப்பதிவு செய்தார். மௌனப் படத்தில் முகத்தின் மேல் ஒளியை வைக்கப் பழகிய கை நுவாரின் இருளுக்குள் வந்த வழியைக் காட்டவே இரண்டையும் அடுத்தடுத்து வைத்தோம். அந்த அம்மா வருவாரென்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

அடுத்த திரையிடலுக்குள் பியானோவுக்கு மூடாக்கிட்ட சிறு விளக்கு ஒன்றை நானே பொருத்திவிடுவேன். முதலில் திரையிடுவதும் ஜோனாகவே இருக்கும். நாள் இன்னும் குறிக்கவில்லை. இதைப் படிக்கும் யாரேனும் அவரை அறிந்திருந்தால், அவருக்கு வசதிப்படும் நாளைக் கேட்டுச் சொல்லுங்கள். நடு வரிசையில் அவருக்கு ஓர் இருக்கை வைத்துவிட்டு, அந்த நாளிலேயே திரையிடுவோம்.