சிறு குற்றப் புகாருக்குச் சிறுவர்களைப் பிடித்து வைப்பதைத் தடுக்கக் கோரி மனு

அனுப்புநர்:
ஜீப் ஓட்டுநர், ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.
(பெயரும் முகவரியும் தனித்தாளில்)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சேலம்.

பொருள்: மலைக் கிராமச் சிறுவர்கள் மீதான வழக்குகளில் இளைஞர் நீதிச் சட்டத்தை முறையாக நடைமுறைப்படுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேர்வராயன் மலையில் பல வருடமாக ஜீப் ஓட்டுகிறேன். என் அக்கா மகன் விஷயமாக இந்த மனுவை எழுதுகிறேன். 18 வயது நிரம்பாதவர்களுக்கான இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-வது பிரிவுப்படி சிறுவனின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்பதால் அவன் பெயரை எழுதவில்லை. தாய்மாமன் பெயரைப் போட்டாலே ஊருக்குத் தெரிந்துவிடும், அதனால் என் பெயரும் இதில் இல்லை.

அவனுக்கு 16 வயது. கடந்த மாசியில் மிளகுப் பறிப்பு நடந்துகொண்டிருந்த நேரம், ஒரு எஸ்டேட் களத்தில் காயப்போட்டிருந்த மிளகில் அரை மூட்டை குறைந்ததாகப் புகார். எடுத்தானா இல்லையா என்பது, சிறுவர்கள் மீதான வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் விசாரணையில் இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. செவ்வாய் மாலை ஆறு மணிக்கு வீட்டிலிருந்து கூட்டிப்போனார்கள். குழுமத்தின் முன் நிறுத்தியது வியாழன் மதியம். நடுவில் இரண்டு இரவும் காவல் நிலைய பெஞ்சில் கிடந்தான். கேட்டதற்கு, "லாக்கப்பில் போடலையே" என்றார்கள். லாக்கப்பில் வைக்கக் கூடாது என்று சொல்லும் அதே 10-வது பிரிவுதான், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவையும் லோடு ஏற்றிக்கொண்டே நான் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடுவேன். காகிதத்தில் மட்டும் புதன் மாலை பிடித்ததாக இருக்கிறது.

உண்மையில் அவனைப் பிடித்திருக்கவே தேவையில்லை. மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ளவை சிறு குற்றங்கள், சாதாரணத் திருட்டு அதில்தான் வருகிறது. பையனின் நலனுக்கே அவசியம் என்றால் ஒழிய, இத்தகைய வழக்கில் பிடிக்காமல், விவரத்தை நிலையத்தின் பொது நாட்குறிப்பில் பதிந்து, பையனின் குடும்பம், படிப்பு பற்றிய சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பி, எந்தத் தேதியில் வர வேண்டும் என்று பெற்றோருக்குச் சொன்னால் போதும் என்கின்றன இந்தச் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள். இலவச சட்ட உதவி வக்கீல் சொல்லித்தான் எனக்கே இது தெரியும். நிலையத்துக்கு ஒரு குழந்தைகள் நலக் காவல் அலுவலர் இருக்க வேண்டுமாம். யார் என்று கேட்டேன், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் ஜாமீன். உத்தரவு வந்தும் 13 நாள், வழக்கில் உள்ள சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்திலேயே இருந்தான். ஜாமீன்தாரர் சொத்துக் காகிதம் காட்ட வேண்டும். எங்கள் பக்கம் பட்டா இல்லாத வீடுதான் அதிகம், அக்காவிடம் இருப்பதோ ரேஷன் கார்டும் நாலு ஆடும். குழுமத்தின் உத்தரவைக் குறை சொல்லவில்லை. நிபந்தனையை 7 நாளில் நிறைவேற்ற முடியாவிட்டால், அதை மாற்றித் தரச் சிறுவனை மறுபடி குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்று 12-வது பிரிவில் இருக்கிறது. எட்டாவது நாள் அது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

இப்போது பள்ளியில் பிளஸ் டூ வகுப்பில் உட்கார விடாமல், "கேஸ் முடியட்டும், பார்க்கலாம்" என்கிறார்கள். விசாரணை அவனுக்கு எதிராகவே முடிந்தாலும், இப்படிப்பட்ட வழக்கால் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்று 24-வது பிரிவு சொல்லும்போது, முடிவதற்கு முன்பே வாசலை அடைப்பது என்ன கணக்கு என்று புரியவில்லை. காலையில் ஜீப்பில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும்போது அவன் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஆகவே, முதலில் அவனை வகுப்பில் சேர்க்கக் கல்வி அலுவலருக்கு உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். மலைமேல் உள்ள காவல் நிலையங்களிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலரின் பெயர், கைபேசி எண்ணோடு குழந்தைகளுக்கான 1098, இலவச சட்ட உதவிக்கான 15100 ஆகிய உதவி எண்களையும் தமிழில் எழுதி வைக்கச் செய்ய வேண்டும். சிறு குற்றப் புகாரில் சிறுவர்களைப் பிடித்து வைக்காமல் அறிக்கை மட்டும் அனுப்பும் முறையைப் பின்பற்றுமாறு காவல் கண்காணிப்பாளருக்குத் தாங்கள் எழுத வேண்டும். ஜாமீன் கிடைத்தும் 7 நாளைத் தாண்டி இல்லத்தில் இருக்கும் பிள்ளைகளின் பட்டியலை, தங்கள் மேற்பார்வையில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வாரம் ஒருமுறை எடுத்துக் குழுமத்திடம் தந்தால், என் அக்காவைப் போன்றவர்கள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறிக் கீழே அலைய வேண்டியிருக்காது.

செவ்வாய் இரவு நான் கைபேசியில் எடுத்த நிலைய வாசல் படத்தை, நேரம் தெரியும்படி இணைத்துள்ளேன்.

இணைப்பு: படம், ஜாமீன் உத்தரவு நகல், பள்ளிச் சான்று நகல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம் தனித்தாளில்)