முதலில் நிற்கட்டும்

கிருஷ்ணகிரி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம். மாங்கூழ் ஆலைக்குப் போகும் லாரிகளால் சாலையைக் கடப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

மடிக்கணினியிலிருந்து ரேடியோ வழியாக ஓட்டும் உன் குட்டி மோட்டார் வண்டி நான்கடி போனதும் சொல்பேச்சு கேட்பதில்லை என்றாய். நீ நிரலைத் திட்டுகிறாய். எனக்கோ மின்சாரத்தின்மேல்தான் சந்தேகம். நீ அனுப்பிய படத்தில், ரேடியோவுக்கு, கட்டுப்பாட்டுப் பலகையான ஆர்டுயினோவின் 3.3 வோல்ட் முனையிலிருந்தே கம்பி போகிறது. உன்னுடைய ஊனோ வகைப் பலகையில் அந்த முனை தாங்குவது 50 மில்லிஆம்பியர். நீ வாங்கியிருப்பதோ பெருக்கியும் தனி ஏரியலும் வைத்த என்ஆர்எஃப்24 ரேடியோ. அனுப்பும் நொடியில் நூறுக்கும் மேல் இழுக்கும். மின்னழுத்தம் விழுந்தால் ரேடியோ ஊமையாகிவிடும். அதற்காக நேரே 5 வோல்ட்டைக் கொடுத்துவிடாதே, சில்லு போய்விடும். மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் 3.3 வோல்ட் ரெகுலேட்டர் ஒன்றைத் தனியாக வை. ரேடியோவின் மின் முனைக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே, மின்சாரத்தைச் சற்றே தேக்கித் தரும் 10 மைக்ரோஃபாரட் கண்டென்சரைப் பற்றவை. கண்டென்சரின் உடம்பில் வெளிர்க்கோடு ஓடுகிறதே, அந்தப் பக்கத்துக் கால்தான் கிரவுண்டுக்கு. கால்களை ஒட்ட நறுக்கிவிடு.

ரேடியோவின் சேனலை 76 என்றே விட்டுவிடு. 2400 உடன் சேனல் எண்ணைக் கூட்டினால் அதிர்வெண் மெகாஹெர்ட்ஸில் வந்துவிடும். விடுதி வைஃபை அதன் வழக்கமான சேனல்கள் 1, 6, 11இல் இருந்தால், 2476 அதற்கு மேலே தள்ளியே நிற்கும். 83ஐத் தாண்டாதே, உரிமமில்லாமல் நமக்கு விட்டிருக்கும் எல்லை அதோடு முடிகிறது.

இவ்வளவு செய்தாலும் ரேடியோ என்றால் ஒருநாள் அறுபடத்தான் செய்யும். இப்போது உன் வண்டி கடைசியாகக் கேட்ட ‘போ’வையே பிடித்துக்கொண்டு சுவரில் போய் முட்டுகிறது. அரை நொடிக்குள் புதுக் கட்டளை வராவிட்டால் இரண்டு மோட்டாரும் நிற்கும்படி வண்டியிலுள்ள நிரலில் எழுது. நீ விசையைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் கணினி நொடிக்கு இருபது முறை கட்டளை சொல்லிக்கொண்டே இருக்கட்டும். கணினிக்கும் ரேடியோவுக்கும் நடுவிலுள்ள ஆர்டுயினோ, கணினியிலிருந்து வந்ததை மட்டும் அனுப்ப வேண்டும். பழையதைத் தானாகத் திருப்பி அனுப்பினால், கணினி உறைந்துபோனாலும் வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

சக்கரம் தரையில் படாமல் வண்டியைச் செங்கல்மேல் தூக்கிவைத்து இரண்டு விதமாகச் சோதித்துப் பார். ஓடும்போதே யுஎஸ்பி கம்பியைப் பிடுங்கு. பிறகு கம்பியைச் செருகிவிட்டு, கணினியின் நிரலை மட்டும் மூடு. இரண்டிலும் சக்கரம் நின்ற பிறகு தரையில் விடு.

ரெகுலேட்டரும் கண்டென்சரும் நம் கடையிலேயே இருக்கின்றன. அம்மா சுடும் முறுக்கோடு சேர்த்துப் பார்சலில் போடுகிறேன், தனித்தனிப் பொட்டலமாகத்தான்.

அன்புடன்,
அப்பா