அப்பா, வண்டியைக் கம்பெனியே எடுத்துக்கொண்டது

பிரீமாண்ட், கலிபோர்னியா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலிக்கு ஒரு பெல்ட் வாங்கி, ஊருக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்திருக்கிறேன், வந்ததும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தக் கார் விவகாரத்தைப் போனில் ஆரம்பித்தாலே நீங்கள் "பியூல் பம்பைப் பாரு, ஃபில்டரைக் கழற்றிப் பாரு" என்று நேராக ஒர்க்‌ஷாப்புக்குள் போய்விடுகிறீர்கள், அதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நிம்மதியாகப் படிப்பீர்கள்: வண்டியைக் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொண்டது, பேங்க் கடன் அடைந்துவிட்டது, நாங்கள் போட்ட பணமும் கைக்கு வந்துவிட்டது.

இந்த ஊரில் கார் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் பால் வாங்குவதுகூடப் பெரிய வேலை. வீடு ஒரு மூலை, கடை ஒரு மூலை, பள்ளிக்கூடம் இன்னொரு மூலை. எனக்கு ஆபீஸ் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், தினமும் டம்பார்ட்டன் பாலத்தைத் தாண்டிப் போகவேண்டும். அதனால்தான் 2024-ல் பழைய வண்டியே வேண்டாம், வாரண்டியோடு புதுசாகவே எடுப்போம் என்று எடுத்தோம். லிவர்மோர் கோயிலில் பூஜை போட்டு போட்டோ அனுப்பினேனே, அதே வண்டி.

கோளாறு உங்களுக்குத் தெரியும். போய்க்கொண்டிருக்கும்போதே ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுக்காது, ஆர்.பி.எம். முள் மட்டும் ஏறும், மஞ்சள் விளக்கு எரியும், வேகம் தன்னால் இறங்கும். ஓரங்கட்டி அணைத்துவிட்டு மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். ஊருக்குள் என்றால் சமாளித்துவிடலாம். பாலத்தின் மேல், சின்னவன் பின்சீட்டில் இருக்க, எல்லாரும் 65 மைல் வேகத்தில் வரும்போது நான் மட்டும் 30-க்கு இறங்கினால் என்ன ஆகும்? இந்த ஊரில் சாதாரணமாக யாரும் ஹாரன் அடிக்கமாட்டார்கள். அன்றைக்கு அடித்தார்கள்.

வெளியே ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டேன் என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். ஹேவர்டில் பஞ்சாபிக்காரர் ஒருவர் கராஜ் வைத்திருக்கிறார், உங்களை மாதிரியே சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார். நான் அவரிடம் போகாததற்குக் காரணம் வாரண்டி போய்விடும் என்ற பயம் இல்லை, அப்படியெல்லாம் வாரண்டியை ரத்து செய்யமுடியாது என்று 1975-லிருந்தே இங்கே மத்திய சட்டம் இருக்கிறது. ஆனால் அவர் எத்தனை தடவை வண்டியைப் பிரித்து மாட்டினாலும், கம்பெனி வண்டியைத் திரும்ப எடுக்கவேண்டும் என்கிற இந்த ஊர்ச் சட்டத்துக்கு அது கணக்கில் வராது. கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் விட்டு, அவர்கள் சரிசெய்ய முயன்று, அது சரியாகாமல் போனால்தான் கணக்கு. இது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். நாற்பது வருஷம் வண்டியைச் சரிசெய்தே பெயர் வாங்கிய மனுஷனிடம் போய், சரியாகாமல் போனதுதான் எனக்கு ஆதாரம் என்றால் எப்படி இருக்கும்! ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் பெயர் லெமன் லா, கோளாறு தீராத வண்டியை இங்கே லெமன் (எலுமிச்சை) என்பார்கள். கலிபோர்னியாவில் 1970-ல் வந்த சாங்-பெவர்லி சட்டம்தான் அடிப்படை, 1982-ல் கார்களுக்கென்று சில கணக்குகளைச் சேர்த்தார்கள். வாங்கிய 18 மாதத்துக்குள் அல்லது 18,000 மைலுக்குள், எது முந்துகிறதோ அதற்குள், ஒரே கோளாறுக்கு நாலு தடவை சர்வீஸுக்கு விட்டும் தீரவில்லை என்றால், அல்லது எல்லாம் சேர்த்து 30 நாளுக்கு மேல் வண்டி அங்கேயே கிடந்தால், கம்பெனிக்குப் போதுமான வாய்ப்பு கொடுத்தாகிவிட்டது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். உயிருக்கு ஆபத்தான கோளாறு என்றால் ரெண்டு தடவையே போதும். ஆனால் அந்த வாரண்டி புத்தகத்தில் கம்பெனிக்கு நேரடியாகத் தெரிவிக்கவேண்டும் என்று போட்டிருந்தால் அதையும் செய்திருக்கவேண்டும். யாரும் படிக்காத புத்தகம் அது, உங்கள் மாப்பிள்ளை மட்டும் பென்சிலால் கோடு போட்டுப் படித்தார், அவரை இனிமேல் மந்தம் என்று சொல்லாதீர்கள்.

எனக்குப் பெரிய ஆறுதல் ஒன்று உண்டு. கோளாறு எதனால் வருகிறது என்று நான் கண்டுபிடித்துச் சொல்லவேண்டியதில்லை. கியர்பாக்ஸா, சென்சாரா, சாஃப்ட்வேரா, எனக்கென்ன? ஓட்டுவதற்கோ, வண்டியின் மதிப்புக்கோ, பாதுகாப்புக்கோ பெரிய பாதிப்பு இருக்கிறது, அவர்களால் தீர்க்கமுடியவில்லை, இது ரெண்டையும் காட்டினால் போதும். நம் ஊரில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் தயாரிப்பிலேயே குறை என்று நாம்தான் நிரூபிக்கவேண்டும், தேவைப்பட்டால் லேபுக்கு அனுப்பி அறிக்கை வாங்கச் சொல்வார்கள், அதற்குள் வண்டி துருப்பிடித்துவிடும். அதுவும் மாமா மாதிரி ரெண்டு மூணு லாரி வைத்து டிரைவர் போட்டு ஓட்டுகிறவர் போய் நின்றால், வணிகத்துக்கு வாங்கினது, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு முதல் நாளே கிளப்பிவிடும். சொந்தப் பிழைப்புக்கு ஒரு வண்டி வாங்கித் தானே ஓட்டுகிறவருக்குத்தான் அதில் விலக்கு.

சரி, இங்கே எல்லாம் காகிதம்தான். நாம் ஜாப் கார்டு என்போமே, இங்கே ரிப்பேர் ஆர்டர் என்கிறார்கள். எந்தத் தேதியில் வண்டி உள்ளே வந்தது, எந்தத் தேதியில் வெளியே போனது, வரும்போதும் போகும்போதும் மீட்டரில் எத்தனை மைல், வாடிக்கையாளர் சொன்ன புகார் என்ன, இவர்கள் என்ன செய்தார்கள், எல்லாம் அதில் இருக்கும். கையெழுத்துப் போடுமுன் அந்தப் புகார் வரியை மட்டும் எழுத்தெழுத்தாகப் படிக்கவேண்டும் என்று இங்கே வெகுநாளாக இருக்கும் ஒரு அக்கா சொல்லிக்கொடுத்தார். சொன்னது நல்லதாகப் போயிற்று. "பாலத்தின் மேல் ஓடிக்கொண்டிருக்கும்போது பவர் போய் வேகம் பாதியாகிவிட்டது, பின்னால் வந்த வண்டி இடிக்கப் பார்த்தது" என்று நான் சொன்னதை, கவுண்டரில் இருந்த பையன் "வண்டி சற்றுத் தயங்குவதாக வாடிக்கையாளர் கூறுகிறார்" என்று டைப் அடித்து வைத்திருந்தான். தயக்கமாம்! கல்யாணப் பெண்ணா தயங்குவதற்கு? நான் சொன்னபடியே திருத்தினால்தான் சாவியைத் தருவேன் என்று நின்றேன். சிரித்துக்கொண்டே திருத்தினான், பாவம், அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கும் மேலே யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

திரும்ப எடுக்கப் போனால், "சோதித்தோம், கோளாறு தென்படவில்லை" என்று எழுதியிருப்பார்கள். முதல் தடவை அதைப் பார்த்து அழுகையே வந்தது. அந்தக் காகிதமும் நமக்கு வேண்டியதுதான், வண்டியைக் கொண்டுவந்து விட்டோம் என்பதற்கு அதுவே அத்தாட்சி, பத்திரமாக வையுங்கள் என்று வக்கீல் அப்புறம் சொன்னார். ஆமாம், வக்கீல் வைத்தோம். உடனே ஃபீஸ் எவ்வளவு என்று கேட்பீர்கள். நாம் ஜெயித்தால் நம் வக்கீல் செலவைக் கம்பெனிதான் கொடுக்கவேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதனால்தான் இந்த ஊர் நெடுஞ்சாலையோரம் எங்கே பார்த்தாலும் லெமன் லா வக்கீல்களின் விளம்பரம், எலெக்‌ஷன் போஸ்டர் தோற்றது. வக்கீல் வேண்டாம் என்றால் சில கம்பெனிகளுக்கு மாநில அரசு சான்றளித்த இலவச நடுவர் முறையும் இருக்கிறது, தீர்ப்பை நாம் ஏற்றால் கம்பெனியைக் கட்டும், நமக்குப் பிடிக்காவிட்டால் நாம் கோர்ட்டுக்குப் போகலாம். நாங்கள் யோசித்துவிட்டு அதற்குப் போகவில்லை.

2025-லிருந்து நடைமுறையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள், புது முறைக்குச் சம்மதித்த கம்பெனிகளுக்கு மட்டும். வேண்டுமென்றே இழுத்தடித்த கம்பெனிக்கு நஷ்டத்தைப்போல ரெண்டு மடங்குவரை அபராதம் உண்டு. அந்த அபராதம் வேண்டுமென்றால் முதலில் எழுத்தில் நோட்டீஸ் அனுப்பவேண்டும். பெயர், வண்டியின் அடையாள எண், என்ன கோளாறு, எப்போதெல்லாம் சர்வீஸுக்கு விட்டோம், திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை, இவ்வளவுதான். அதன் பிறகு 30 நாளுக்கு வண்டி நம் கையிலேயே இருக்கவேண்டும், விற்றுவிடக்கூடாது. அந்த 30 நாளுக்குள் கம்பெனி சம்மதித்து, 60 நாளுக்குள் முடித்துக் கொடுத்துவிட்டால் அபராதம் கேட்கமுடியாது. கம்பெனிக்காரர்களுக்கு வசதியாகச் செய்த மாற்றம் என்று பலபேர் திட்டுகிறார்கள். நியாயம்தான், ஆனால் எங்கள் விஷயம் இதனால்தான் சீக்கிரம் முடிந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நடுவில் ஒரு ஆசை காட்டினார்கள். வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கையில் சில ஆயிரம் டாலர் தருகிறோம், வாரண்டியையும் நீட்டித்துத் தருகிறோம் என்று. நீங்கள் இருந்திருந்தால் பணத்தை வாங்கிக்கொண்டு அன்றைக்கே கியர்பாக்ஸை இறக்கியிருப்பீர்கள்! நானும் கொஞ்சம் சபலப்பட்டேன். உங்கள் மாப்பிள்ளைதான் ஒரே வார்த்தையில் முடித்தார்: "நாளைக்கும் நீதான் அந்தப் பாலத்தில் போகணும்."

கணக்கைக் கேளுங்கள், இது உங்களுக்குப் பிடிக்கும். வண்டி விலை 42,000 டாலர். அதோடு பத்து சதவீதத்துக்கு மேல் விற்பனை வரி, ரிஜிஸ்ட்ரேஷன், கடன் வட்டி, இழுவை வண்டிக்குக் கொடுத்தது, வாடகைக் காருக்கு ரசீதோடு காட்டியது, எல்லாம் திரும்ப வரும். நாம் ஓட்டியதற்கு மட்டும் கழிப்பார்கள், அதற்கு ஒரு சூத்திரம்: இந்தக் கோளாறுக்காக முதன்முதலில் வண்டியை விட்டபோது மீட்டரில் இருந்த மைலை 1,20,000-ஆல் வகுத்து விலையால் பெருக்கவேண்டும். முதல் தடவை விட்டபோது 2,400 மைல். ஆக 840 டாலர் கழிவு. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது 11,000 மைல் தாண்டியிருந்தது, ஆனால் அந்த மீதி ஓட்டத்துக்குச் சல்லிக்காசு பிடிக்கமுடியாது. முதல் நாளே சர்வீஸுக்கு விடு, தள்ளிப்போடாதே என்று நீங்கள் சொன்னது இங்கே பணமாகவே வந்தது. 1,20,000 மைல்தான் ஒரு காரின் ஆயுள் என்று வைத்திருக்கிறார்களே என்று மட்டும் சிரிக்காதீர்கள். நாமக்கல் லாரிக்கு அது பால்குடி வயது, தெரியும்.

வராத பணமும் உண்டு. டீலர் கடையில் அவர்களாகவே மாட்டிவிட்ட கண்ணாடி ஃபிலிம், நான் வெளியில் வாங்கிப் போட்ட சீட் கவர், இதெல்லாம் கம்பெனி பொருள் இல்லை என்று விட்டுவிட்டார்கள். கடனில் பாக்கியை நேராக பேங்குக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் கட்டிய முன்பணத்தையும் மாதத் தவணைகளையும் செக்காகக் கொடுத்தார்கள். டீலர் கடையிலேயே ஒருவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, மீட்டரை போட்டோ எடுத்து, கையெழுத்து வாங்கி, ரெண்டு சாவியையும் எண்ணி வாங்கிக்கொண்டார். டேஷ்போர்டுப் பிள்ளையாரைச் சின்னவன் முன்னாடியே பெயர்த்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

அந்த வண்டி என்ன ஆகும் என்று கேட்பீர்கள். உடைக்கமாட்டார்கள். உரிமைப் பத்திரத்திலேயே லெமன் லா பைபேக் என்று நிரந்தரமாக அச்சடித்து, டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டுவில்லை ஒட்டி, கோளாறைச் சரிசெய்து, வாங்குகிறவரிடம் இதையெல்லாம் எழுத்தில் சொல்லி, அந்தக் கோளாறுக்கு மட்டும் ஒரு வருஷம் வாரண்டி கொடுத்துத்தான் விற்கவேண்டும். விலை குறைவாகக் கிடைக்கும். தெரிந்தே வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு மனசு வராது.

நம்ம திருச்செங்கோட்டுப் பையன் ஒருவன் சன்னிவேலில் இருக்கிறான், அவனுக்கும் இதே மாதிரி தொல்லை. ஆனால் அவன் வாங்கியது ஒரு வருஷம் ஓடிய வண்டி, பழைய ஓனரின் வாரண்டியில் மிச்சம் இருந்தது. 2024 அக்டோபரில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், மிச்ச வாரண்டி இருக்கிறது என்பதற்காக மட்டும் பழைய வண்டி புது வண்டியாகிவிடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. எனக்குத் திறந்த கதவு அவனுக்குச் சாத்திவிட்டது. ரெண்டு வண்டியும் ஒரே வாரண்டிதான், ஒரே கம்பெனிதான், இதில் என்ன நியாயம் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

இப்போது டம்பார்ட்டன் எக்ஸ்பிரஸ் பஸ்ஸில்தான் ஆபீஸ் போகிறேன். அடுத்த வண்டி எது என்று நீங்களும் அவரும் போனில் சண்டை போட்டு முடிவு செய்யுங்கள், எனக்கு அவசரமில்லை.

ஒன்று மட்டும். இந்தக் கடிதத்தை அத்தையிடம் படித்துக் காட்டி, டல்லாஸில் இருக்கிற அத்தை மகனையும் இப்படியே செய்யச் சொல்லிவிடாதீர்கள். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. டெக்சாஸில் அந்த மாநில மோட்டார் வாகனத் துறைக்கே 35 டாலர் கட்டி மனுப் போடவேண்டும், கெடுவும் வேறு. அவன் என்னைக் கூப்பிடட்டும். கூப்பிடுமுன் ரிப்பேர் ஆர்டர் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஒன்றுகூட வைத்திருக்கமாட்டான், எனக்குத் தெரியும், டீலரிடம் பழைய நகல் கேட்டால் கொடுப்பார்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்