25 மீட்டர் பிஸ்டல் போட்டிக்கு 25 மீட்டர்லயே சைட் செட் பண்ணுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க விளையாட்டுப் பக்கத்துல பிஸ்டல் சுடக் கத்துக்கற பசங்களுக்குன்னு ஒரு கட்டுரை வந்துச்சு. மூச்சு, நிக்கற விதம், டிரிகர் எல்லாம் நல்லா எழுதியிருந்தாங்க, ஆனா சைட்டை (பிஸ்டல் மேல இருக்கற குறி பாக்கற கருவி) கிட்ட இருக்கற டார்கெட்டை வெச்சு செட் பண்ணிட்டா போதும், 25 மீட்டருக்குள்ள குண்டு பெருசா இறங்காதுன்னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அதைப் படிச்சதுல இருந்து மனசு கேக்கல. இதே வார்த்தையை நம்பித்தான் என் பொண்ணு ஒரு போட்டியையே கோட்டை விட்டா.

அவ 25 மீட்டர் போட்டிக்கான 0.22 அங்குல ஸ்போர்ட் பிஸ்டல் சுடறா. பயிற்சி எடுத்த இடத்துல 25 மீட்டர் டார்கெட் மெஷின் ரிப்பேர்னு சொல்லி 10 மீட்டர்ல ஒரு ஸ்டாண்டு வெச்சு, அதுல ஏர் பிஸ்டல் (காத்தழுத்தத்துல சுடறது, 10 மீட்டர் போட்டிக்கு) டார்கெட் அட்டையை ஒட்டி ஸீரோ பண்ணி, அதாவது குண்டு நடுவுல விழற மாதிரி சைட்டை செட் பண்ணிக் குடுத்தாங்க. ஓட்டை எல்லாம் நடுவுல ஒரே குவியலா விழுந்துச்சு, நாங்களும் சந்தோஷமா வீட்டுக்கு வந்துட்டோம். போட்டியில போய் சுட்டா நல்லா விட்ட ஷாட் எல்லாம் நடுவுல இருக்கற பத்து பாயின்ட் வட்டத்துக்குக் கீழ, ஒன்பது பாயின்ட் வட்டத்துலயே போய் உக்காருது. பாவம், தன் கைதான் நடுங்குதுன்னு நினைச்சு அழுதா.

அப்புறம் நானே பேப்பர் பேனா எடுத்து உக்காந்தேன். குண்டு செகண்டுக்கு 260 மீட்டர் வேகத்துல போகுதுன்னு வெச்சுக்கிட்டா 10 மீட்டர்ல 7 மில்லிமீட்டர் இறங்கும், 25 மீட்டர்ல நாலரை சென்டிமீட்டர். ஆனா சைட் குழலுக்கு மேல ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துல இருக்கறதால குழல் லேசா மேல பாத்துத்தான் இருக்கும், கூட்டிக் கழிச்சா 10 மீட்டர்ல செட் பண்ணது 25 மீட்டர்ல அரை சென்டிமீட்டர்தான் கீழ போகும். அந்த அளவுக்கு கட்டுரை சொன்னது சரிதான். கோளாறு வேற இடத்துல இருக்கு. நம்ம பசங்க நிறைய பேர் கருப்பு வட்டத்தோட நடுவைப் பாக்கறதில்ல, அடி விளிம்புக்குக் கீழ சைட்டை நிறுத்தித்தான் சுடறாங்க. ஏர் பிஸ்டல் அட்டையில கருப்பு 59.5 மில்லிமீட்டர், அதனால பாக்கற இடத்துக்கு 3 சென்டிமீட்டர் மேல குண்டு விழற மாதிரி சைட்டை வைக்கணும். அதே கோணம் 25 மீட்டர்ல ஏழரை சென்டிமீட்டர்தான் தூக்கும். ஆனா அங்க கருப்பு 200 மில்லிமீட்டர், தூக்க வேண்டியது 10 சென்டிமீட்டர். ரெண்டரை அங்க குறையுது, அந்த அரையையும் சேத்தா 3 சென்டிமீட்டர் கீழ. பத்து வட்டத்தோட ஆரமே ரெண்டரைதான். அப்போ அவ துல்லியமா விட்ட ஒவ்வொரு ஷாட்டும் ஒன்பதுதான் ஆகும், 30 ஷாட்டுக்கு 30 பாயின்ட் போச்சு!

இதுவரை சொன்னது நிதானமா சுடற ப்ரிசிஷன் ஸ்டேஜ். வேகமா சுடற ரேபிட் ஸ்டேஜ் இன்னொரு தலைவலி. அங்க கருப்பு 500 மில்லிமீட்டர், 3 செகண்ட்தான் டார்கெட் தெரியும், விளிம்பைத் தேட நேரமில்லாம நடுவைப் பாத்து சுடுவாங்க. ப்ரிசிஷனுக்கு வெச்ச சைட்டோட அப்படி சுட்டா 10 சென்டிமீட்டர் மேல, எட்டுல விழும். அதனால சைட்டை எத்தனை க்ளிக் (சைட் திருகோட ஒரு படி) இறக்கணும்னு 25 மீட்டர்லயே சுட்டுப் பாத்து நோட்டுல எழுதி வெச்சுக்கணும், அதுவும் அவங்கவங்க கையால சுட்டு. கோச் சுட்டு செட் பண்ணிக் குடுக்கறது அவரோட பிடிக்கும் கண்ணுக்கும் சரியா இருக்கும், புள்ளைக்கு இருக்கும்னு சொல்ல முடியாது. வெயில் மாறினாலே குண்டு விழற இடம் மாறுது, இதுல தூரத்தையும் மாத்தினா என்னத்தைச் சொல்ல.

போட்டியில பாத்துக்கலாம்னும் விட முடியாது. 10 மீட்டர் ஏர் பிஸ்டல்ல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி 15 நிமிஷம், எத்தனை சைட்டர் (பாயின்ட் கணக்குல சேராத, சைட்டை சரிபாக்கற ஷாட்) வேணாலும் சுடலாம். 25 மீட்டர்ல ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் அஞ்சே சைட்டர். அஞ்சு ஷாட்ல பதட்டத்துல இருக்கற 17 வயசுப் பொண்ணு எதைன்னு திருத்துவா?

2024 பாரிஸ்ல மனு பாக்கர் 10 மீட்டர்ல ரெண்டு வெண்கலம் வாங்கி, 25 மீட்டர்ல நாலாவதா வந்ததைப் பாத்துட்டு எத்தனையோ புள்ளைங்க பிஸ்டலைத் தூக்கிட்டு வர்றாங்க. அவங்களுக்காக ரெண்டு விஷயம் கேக்கறேன். அந்தக் கட்டுரையோட வரியை உங்க பேப்பர்லயே திருத்திப் போடுங்க. போட்டி நடத்தறவங்க, முந்தின நாள் ஒரு மணி நேரமாவது 25 மீட்டர் லேனை, போட்டிக்கு வைக்கிற அதே டார்கெட்டோட, புள்ளைங்களுக்குத் திறந்து விடுங்க. தோட்டாச் செலவை நாங்க பாத்துக்கறோம்.

ஒரு அப்பா,
கோயம்புத்தூர்